முப்பத்திரண்டரை வறுவலும் ஒரு மீசைத் திருட்டும்

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "சார், உங்க செட் சார்பா ஒரு கட்டுரை வேணும். வரலாற்றுக் கட்டுரையா இருந்தா நல்லது" என்றார். "எந்த வரலாறுப்பா?" என்றேன். "யாராவது பெரிய மனுஷர் வாழ்க்கை வரலாறு சார். ஸ்டூடண்ட்சுக்கு உபயோகமா இருக்கணும்."

நாலு நாள் யோசித்தேன். விஞ்ஞானிகளைப் பற்றி நம் பேராசிரியர்கள் எழுதுவார்கள். தலைவர்களைப் பற்றி எழுத மற்ற செட்காரர்கள் இருக்கிறார்கள். எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தவர் ஒருவர்தான். இயற்பியலும் வேதியியலும் படித்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கோமாளிப் பாட்டு எழுதியவர். முப்பத்தைந்து வயதில் காலமானவர். பெயர் சுகுமார் ராய். சினிமா பார்ப்பவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமானால், சத்யஜித் ராயின் அப்பா. ஆனால் வங்காளத்தில் வளர்ந்த குழந்தைக்கு அது தலைகீழ். முதலில் சுகுமார்தான் தெரியும், சத்யஜித் அவருடைய பிள்ளை.

எனக்கு இவர் அறிமுகமானது புத்தகத்தில் அல்ல, ஆபீஸ் மதிய இடைவேளையில். 1983-ல் வேலை மாற்றலாகிக் கல்கத்தாவுக்குப் போனேன். (அந்த ஊர் 2001-ல் கொல்கத்தா ஆனது. எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான், மன்னிக்கவும்.) லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் நிறைய. காலையில் இட்லி, சாயங்காலம் கோயில், தமிழ்ப் பத்திரிகை எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். ஆகவே வங்காளி கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை, ஆபீசில் அந்தத் தாதா இல்லாதிருந்தால்.

தாதா எங்கள் பிரிவின் மூத்த குமாஸ்தா. தடித்த மீசை. ஒரு நாள் பெரிய அதிகாரி யாரோ ஒருவர்மேல் எரிந்து விழுந்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் தாதா எழுந்து நின்று ஏதோ பாட்டைக் கடகடவென்று சொன்னார். ஐம்பது பேர் இருந்த கூடம் மொத்தமும் கூடச் சேர்ந்து சொன்னது. பியூன் முதல் டைப்பிஸ்ட் அம்மா வரை ஒருவருக்கும் ஓர் அடிகூடத் தடுக்கவில்லை. கடைசியில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் திருதிருவென்று விழித்தேன்.

பிறகு தாதா விளக்கினார். ஹெட் ஆபீசில் ஒரு பெரிய பாபு. சாதுவான மனிதர். நாற்காலியில் சற்றுக் கண்ணயர்ந்தவர் திடீரென்று துள்ளி எழுந்து, "என் மீசையை யாரோ திருடிவிட்டார்கள்!" என்று கூப்பாடு போடுகிறார். மீசை மூக்கின் கீழேயே இருக்கிறது. கண்ணாடியைக் காட்டினால், "இந்த அசிங்கம் பிடித்த மீசை என்னுடையதா?" என்று கோபம் தலைக்கேறி, எல்லாருக்கும் அபராதம் விதிக்கிறார். மீசை மனிதனுக்குச் சொந்தமா, மனிதன் மீசைக்குச் சொந்தமா என்று ஒரு தத்துவ விசாரணையோடு பாட்டு முடிகிறது. "இதை நான் ஆறு வயதில் மனப்பாடம் செய்தேன். அர்த்தம் இந்த ஆபீசில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது" என்றார் தாதா.

அன்று முதல் அவர்தான் எனக்கு வங்காளி வாத்தியார். பாடப்புத்தகம் 'ஆபோல் தாபோல்'. நம்ம பேச்சில் 'கன்னாபின்னா' என்போமே, ஏறக்குறைய அதுதான் அந்தத் தலைப்பு.

சுகுமார் பிறந்தது 1887 அக்டோபர் 30, கல்கத்தாவில். தந்தை உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி குழந்தை எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர். தன் குழந்தைகள் ராமாயணத்துக்கு அவர் வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து வந்ததைப் பார்த்து மனம் நொந்து, சீமையிலிருந்து கருவிகளை வரவழைத்து, ஹாஃப்டோன் அச்சுக்கலையைத் தானே கற்று, 1895-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார். அதுதான் பின்னாளில் 'யு. ராய் அண்ட் சன்ஸ்' ஆனது. ஹாஃப்டோன் என்றால் இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. ஒரு புகைப்படத்தை நுண்ணிய வலைத்திரை வழியாகப் படம் பிடித்து, சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைத்து, உலோகத் தகட்டில் அரித்து அச்சடிக்கும் முறை. நம் காலத்தில் கல்லூரி மலரில் முதல்வர் படம் போட வேண்டுமென்றால் 'பிளாக் எடுக்க' டவுனுக்கு ஆள் அனுப்பி மூன்று நாள் காத்திருப்போமே, அந்த பிளாக்தான். அந்தத் தொழில் நுட்பம் பற்றி உபேந்திரகிஷோர் எழுதிய கட்டுரைகளை லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் ஆண்டு மலர் வெளியிட்டது. ஆக, சுகுமார் வளர்ந்த வீட்டில் கதையும் படமும் அமில நெடியும் ஒன்றாகவே இருந்தன.

அவர் படித்தது பிரசிடென்சி கல்லூரி. 1906-ல் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் ஆனர்ஸ். அந்த நாளில் அங்கே இயற்பியலுக்கு ஜெகதீச சந்திர போஸ், வேதியியலுக்குப் பிரபுல்ல சந்திர ராய் என்று இரண்டு மலைகள் பேராசிரியர்களாக இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் படித்த பையன் கல்லூரி நாட்களை ஒட்டி என்ன காரியம் செய்தான் தெரியுமா? 'நான்சென்ஸ் கிளப்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தான். உறவுக்காரப் பையன்களும் நண்பர்களும் உறுப்பினர்கள். அதற்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை. பத்திரிகையின் பெயர் 'முப்பத்திரண்டரை வறுவல்'. கல்கத்தாத் தெருவில் கூவி விற்ற கலவைக் கொறிப்பின் பெயர் அது. நம்மூர் மிக்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளப்புக்காக இரண்டு நாடகங்களும் எழுதினார். ஒன்றில், சக்தி ஆயுதம் பட்டு லட்சுமணன் விழும் ராமாயணக் கட்டம். ஆனால் ராமன் முகாமில் இருப்பவர்கள் எல்லாம் கல்கத்தாக் குமாஸ்தாக்கள் மாதிரி சோம்பலும் சாக்குப்போக்குமாகப் பேசுவார்கள். இன்னொன்றில், இங்கிலீஷ் அறியாத பண்டிதர் இங்கிலீஷ் வாக்கியத்துக்குப் பொருள் சொல்கிறார். 'கோ' என்று வருகிறதா, அது பசு. நம்ம தமிழிலும் கோ என்றால் பசுதானே, ஆகவே இந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பு இல்லாமலே சிரித்தேன். சுகுமாரின் முதல் ரசிகர்கள் இந்தக் கிளப் பையன்கள்தான். மதிப்பெண் பட்டியலில் இதற்கு இடமில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1972-75 வேதியியல் செட்காரர்களுக்கு நினைவிருக்கும், ஹாஸ்டலில் நாமும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். பெயர் 'சோதனைக் குழாய்'. மொத்தம் நாலு இதழ். ஆசிரியர் அடியேன். பாட்டெல்லாம் எழுதியவன் நம்ம கூட்டத்தில் ஒல்லியாக இருந்த ஒரு நண்பன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். ஹாஸ்டல் சாம்பாரில் மிதந்த ஒற்றை முருங்கைக்காயை ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி ஆராய்ந்து அவன் எழுதிய பாட்டு மூன்று பிளாக்குகளிலும் பரவியது. சாம்பாருக்குப் பொறுப்பானவர்கள் காதுக்கும் போயிற்று. ஆசிரியர் என்ற முறையில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். "படிக்க வந்தீங்களா, கூத்தடிக்க வந்தீங்களா?" அவ்வளவுதான். யாரும் பத்திரிகையைத் தடை செய்யவில்லை. நான்தான் பயந்துபோய் நிறுத்தினேன். நண்பனிடம், "எக்ஸாம் முடியட்டும்டா" என்றேன். எக்ஸாம் முடிந்தது, கல்லூரியும் முடிந்தது. அவன் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. இது நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சுகுமார் ராயைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒல்லிப் பையன் நினைவு வருவதற்கு இதுதான் காரணம்.

சரி, கதைக்கு வருகிறேன். சுகுமாருக்கு 1911-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் குருபிரசன்ன கோஷ் உதவித்தொகை கிடைத்தது. புகைப்படமும் அச்சுக்கலையும் கற்க இங்கிலாந்து போனார். முதலில் லண்டன், பிறகு மான்செஸ்டர். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. தாகூரின் கவிதை பற்றி 1913-ல் ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அச்சுத் தொழில்நுட்பம் பற்றியும் எழுதினார். 1913-லேயே ஊர் திரும்பி, அந்த ஆண்டு இறுதியில் சுப்ரபாவைத் திருமணம் செய்துகொண்டார்.

அதே 1913-ல்தான் உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற மாத இதழைத் தொடங்கியிருந்தார். சந்தேஷ் என்றால் செய்தி. வங்காளத்தின் பிரசித்தி பெற்ற பால் இனிப்பும் அதுவே. இரண்டும் சேர்ந்த பத்திரிகை. 1915 டிசம்பரில் தந்தை காலமானார். இருபத்தெட்டு வயதில் பத்திரிகை, அச்சகம், குடும்பம் மூன்றும் சுகுமாரின் தலையில் வந்து விழுந்தன. அடுத்த எட்டு ஆண்டுகள்தான் அவருடைய முழு இலக்கிய வாழ்க்கை. மாதா மாதம் பக்கம் நிரப்பியாக வேண்டும். பாட்டு, கதை, நாடகம், புதிர், விஞ்ஞானக் கட்டுரை, எல்லாவற்றுக்கும் படம். அவரே எழுதி, அவரே வரைந்து, பிளாக் எடுப்பதையும் அவரே மேற்பார்த்தார்.

கிளப் ஆசை மட்டும் விடவில்லை. நண்பர்களோடு திங்கள்தோறும் கூடி 'மண்டே கிளப்' நடத்தினார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய மகலனோபிஸ், மொழியியல் மேதை சுனீதி குமார் சாட்டர்ஜி, பாடலாசிரியர் அதுல் பிரசாத் சென் எல்லாம் அதில் உறுப்பினர்கள். பிளேட்டோ முதல் விவேகானந்தர் வரை விவாதம் நடக்கும், அதற்குச் சமமாகச் சாப்பாடும் நடக்கும். சாப்பாட்டின் அளவைப் பார்த்து, மண்டே என்பதை 'மண்டா' என்னும் இனிப்பின் பெயராக்கி, 'மண்டா கிளப்' என்று கேலி செய்தார்கள். அழைப்பிதழ்களைச் சுகுமார் பாட்டாகவே எழுதி அச்சடித்து அனுப்புவார். அச்சகம் சொந்தம், யார் கேட்பது?

இனி அந்தப் பாட்டுகளைப் பற்றி. 'கிச்சடி' என்ற பாட்டில் இரண்டு பிராணிகள் ஒட்டி ஒன்றாகும். வாத்து, அதாவது 'ஹான்ஸ்', முள்ளம்பன்றியாகிய 'சஜாரு'வோடு சேர்ந்து 'ஹான்ஸஜாரு'. யானையாகிய 'ஹாதி', திமிங்கிலமாகிய 'திமி'யோடு சேர்ந்து 'ஹாதிமி'. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தாதாவிடம், "நானும் செய்கிறேன் பாருங்கள். யானையும் திமிங்கிலமும் சேர்ந்து யானிங்கிலம்!" என்றேன். தாதா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "நீ கெமிஸ்ட்ரி படித்தவன்தானே? மறுபடி பார்" என்றார்.

பார்த்தேன். ஹாதியின் கடைசி எழுத்து 'தி'. திமியின் முதல் எழுத்தும் 'தி'. அந்த ஒரு 'தி'யை இரண்டு பிராணிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹான்ஸுக்கும் சஜாருவுக்கும் நடுவில் 'ஸ' அப்படித்தான். இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு என்று நமக்கு முதலாண்டில் கரும்பலகையில் படம் போட்டார்களே, அச்சாக அதே சங்கதி! கண்டபடி ஒட்டியதல்ல, விதிப்படி பிணைத்தது. என் யானிங்கிலத்தில் பங்கு போட எழுத்தே இல்லை. அது வெறும் கலவை, சேர்மம் அல்ல. ஒரு வாரம் கழித்து ஆமையையும் மைனாவையும் சேர்த்து 'ஆமைனா' என்று கொண்டுபோனேன். நடுவிலே 'மை' பொது. தாதா எழுந்து கை கொடுத்தார்.

சுகுமாரின் கோமாளித்தனம் முழுக்க இந்த மாதிரிதான். தொடக்கத்தில் ஒரே ஒரு பைத்தியக்கார விதி. அதை ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சமெல்லாம் பிசகே இல்லாமல் தர்க்கப்படி நடக்கும். ஒரு பாட்டில் மாமா ஒருவர் ஒரு யந்திரம் கண்டுபிடிக்கிறார். தோளில் மாட்டிக்கொண்டால் முகத்துக்கு முன்னால் பலகாரம் தொங்கும். எட்டிப் பிடிக்கப் போகும் ஆசையில் ஆள் ஓடுவார், பலகாரமும் கூடவே ஓடும், வழி களைப்பே தெரியாது. எங்கள் ஆபீசில் பிரமோஷன் லிஸ்ட் பற்றிப் பேச்சு வந்தால் தாதா இந்த யந்திரத்தின் பெயரை மட்டும் சொல்லுவார், போதும். இன்னொரு பாட்டில் ஒரு தேசத்துச் சட்டங்கள். வழுக்கி விழுந்தால் போலீஸ் பிடிக்கும். தும்ம வேண்டுமென்றால் டிக்கெட் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தண்டனை இருபத்தொன்று என்ற கணக்கில்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில், குழந்தைப் பத்திரிகை நடத்தியவர் எழுதியது இது. அரசியல் எதுவும் சொல்லவில்லை என்று யாரும் சத்தியம் செய்யலாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

உரைநடையில் அவருடைய உச்சம் 'ஹ-ஜ-ப-ர-ல'. ஒரு பையனின் கைக்குட்டை பூனையாகிவிடுகிறது. ஒரு காக்கை சிலேட்டும் பென்சிலுமாகக் கணக்குப் போடுகிறது. ஏழிரண்டு எத்தனை என்பது எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று வாதிடுகிறது. அதில் ஒரு கிழவர், தங்கள் ஊரில் நாற்பது வயதானதும் வயதைத் திருப்பி விட்டுவிடுவோம், பிறகு அது இறங்குமுகம்தான் என்கிறார். 1922-ல் சந்தேஷில் இது வந்தபோது சுகுமாருக்கு முப்பத்து நாலு நடந்துகொண்டிருந்தது. நாற்பதை எட்டமாட்டோம் என்பது அவருக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும்.

ஏனென்றால் 1921-லேயே அவரைக் காலா அசார் பிடித்துவிட்டது. கருங்காய்ச்சல் என்போமே, மணல் ஈக்கள் கடித்துப் பரவுவது. இதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. அந்த நோய்க்கிருமியை அடையாளம் கண்ட இருவரில் ஒருவரான சார்ல்ஸ் டோனோவன், 1903-ல் அதைக் கண்டது நம் சென்னைப் பொது மருத்துவமனையில். மருந்து கண்டவர் கல்கத்தாக்காரர். உபேந்திரநாத் பிரம்மச்சாரி, சுகுமார் படித்த அதே பிரசிடென்சியில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு வேதியியல் எம்.ஏ. படித்தவர். 1920-களின் தொடக்கத்தில், அதே ஊரில், யூரியா ஸ்டிபமைன் என்ற ஆன்டிமனிச் சேர்மத்தை உருவாக்கினார். பின்னால் அது லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. பரவலாகக் கைக்கு வந்தது சுகுமாரின் காலத்துக்குப் பிறகு. ஒரே கல்லூரி, ஒரே ஊர், ஒரே பாடம். வேதியியல் படித்தவனுக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போவது எளிதாக இல்லை.

இரண்டு வருஷத்துக்கு மேல் படுக்கை. 1921 மே 2-ல் பிறந்த மகன் தவழ்ந்து, நடந்து, பேசத் தொடங்கினான். தந்தை படுத்தபடியே எழுதினார், வரைந்தார். 1922-ல் லண்டன் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். தாகூர் வந்து பார்த்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், சுகுமார் கேட்டுக்கொண்டபடி படுக்கையருகே உட்கார்ந்து பாடினார். இத்தனைக்கும் நடுவில் 'ஆபோல் தாபோல்' புத்தகமாவதற்கான வேலை நடந்துகொண்டே இருந்தது. எந்தப் பாட்டு எந்தப் பக்கம், எங்கே படம், அட்டை எப்படி எல்லாம் அவரே அமைத்தார். தொகுதியின் கடைசிப் பாட்டு அந்தப் படுக்கையில் எழுதியது. கோமாளிப் பாட்டுதான், ஆனால் விளக்கு அணைகிற வீட்டின் அமைதி அதில் இருக்கிறது.

1923 செப்டம்பர் 10-ல் காலமானார். புத்தகம் வெளிவந்தது செப்டம்பர் 19. ஒன்பது நாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். சில ஆண்டுகளில் பத்திரிகை நின்றது, அச்சகம் நொடித்தது, கார்பார் ரோட்டில் இருந்த வீடும் கைமாறியது. சுப்ரபா மகனோடு தன் சகோதரர் வீட்டுக்குப் போனார். மகனும் அதே பிரசிடென்சியில் படித்து, படம் எடுத்து, உலகப் புகழ் பெற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1961-ல் அவர் சந்தேஷ் பத்திரிகையை மறுபடி தொடங்கியதும், தந்தையின் நூற்றாண்டான 1987-ல் ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்பாவைப் பற்றி அவருக்கு இருந்த சொந்த நினைவு மிகச் சொற்பம். அதில் ஒன்று: கங்கைக் கரையில் ஒரு வீடு, ஜன்னலருகே அப்பா படம் வரைந்துகொண்டிருக்கிறார், திடீரென்று "ஸ்டீமர் போகுது" என்கிறார். பையன் வெளியே ஓடி வந்து பார்க்கிறான், கப்பல் போகிறது.

1986-ல் கல்கத்தாவை விட்டுக் கிளம்பும் முன் தாதா என்னைக் கார்பார் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டில் இப்போது ஒரு பள்ளிக்கூடம். நாங்கள் போனபோது இடைவேளை. உள்ளே ஒரே கூச்சல். வாசலில் நின்ற காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். தாதா மீசையைத் தடவிக்கொண்டு, "ஒருத்தரும் இல்லை. இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வந்தோம்" என்றார். காவலாளி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

கடைசியாக நம் செட்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சோதனைக் குழாய்' நாலு இதழில் ஒன்று, இரண்டு, நாலு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாவது இல்லை. சாம்பார்ப் பாட்டு அதில்தான் இருக்கிறது. அந்த ஒல்லிப் பையனும் இந்த முறை சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், இப்போது ஒல்லி இல்லை. யாருடைய டிரங்குப் பெட்டியிலாவது, பரண் மேலாவது அந்த நோட்டு கிடந்தால், தயவுசெய்து எடுத்து வாருங்கள்.